இருவர் படிக்கும் பக்கம்

தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கும். பிடிஎஃப் மென்பொருளின் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, மாறிக்கொள்கிறீர்களா? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'இப்போது', இன்னொன்றில் 'பிறகு'. 'வேண்டவே வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைக்கிற அளவுக்கு அவர்களுக்குப் பெருந்தன்மை போதாது. ஊரே மாறிய பிறகும் நான் வருடக்கணக்காக 'பிறகு' கட்சியில் இருந்தேன்.

காரணம் எங்கள் பிழைப்பு. பிடிஎஃப் என்றால் மாறாத பக்கம். சென்னையில் ஒருவர் திறந்தாலும் திருச்சி உறையூரில் நான் திறந்தாலும் அதே வரி அதே இடத்தில் இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் நானும் என் கணவர் பூபாலனும் சோறு சாப்பிட்டோம். பதிப்பகங்களுக்கு வீட்டில் இருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையில் அச்சுப் பக்கத்தைத் தொடர்ந்து வருவேன். கமா வந்தால் கமா என்பார், பத்தி முடிந்தால் பத்தி என்பார். கல்யாணமான புதிதில் சண்டை வந்தால்கூட, "நீ சொன்னது தப்பு, முற்றுப்புள்ளி" என்பார். எனக்குச் சிரிப்பு வந்து சண்டை கெட்டுப்போகும்.

எங்கள் இருவரில் கோபக்காரி நான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட எனக்கு மொய் எழுத மனம் வராது. பந்தியில் உட்கார்ந்தும் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். பூபாலன் பாயசத்தை ஊற்றிக்கொண்டு, விடு வினோ, பாயசத்தில் பிழை இல்லை என்பார்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். குழந்தைகளுக்கான கடல் கலைக்களஞ்சியம் ஒன்று வேலைக்கு வந்திருந்தது. ஆமைகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தூக்கமா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் கையிலிருந்த தாளை, யாரோ தெரியாதவர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வினோ, எழுத்தெல்லாம் இருக்கு," என்றார். "ஆனா எதுவும் பேச மாட்டேங்குது."

மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது என்றார் மருத்துவர். கை, கால், பேச்சு, ஞாபகம் எல்லாம் தப்பித்துவிட்டன. படிப்பு மட்டும் போய்விட்டது. இதில் இன்னொரு அதிசயம், அவரால் எழுத முடியும். எழுத்து வெளியே போகும் வழி வேறு, உள்ளே வரும் வழி வேறு, உள்ளே வரும் வழிதான் அடைந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். பூபாலன் ஒரு தாள் வாங்கி, 'எனக்கு ஒன்றுமில்லை, நீ பயப்படாதே' என்று அழகாக எழுதி என்னிடம் நீட்டினார். பிறகு அதே தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கேனா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன்.

அதன் பிறகு வேலையை நான் தனியாகப் பார்த்தேன். மூலப்பிரதியைக் கம்ப்யூட்டரின் குரல் வாசித்தது. அந்தக் குரலுக்குத் துக்கச் செய்தியும் ஒன்றுதான், சமையல் குறிப்பும் ஒன்றுதான். பூபாலன் பழைய வழக்கப்படி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வார். பூட்டிய சொந்த வீட்டின் வாசலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கும். போய்ப் படுங்கள் என்று நான் எரிந்துவிழுந்தாலும் போகமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் தம்பி கோகுல் வந்தான். பெங்களூரில், இந்த மாதிரி மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறவன். எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அண்ணி, பழசுல பக்கம்தான் ராஜா. நம்ம கண்ணுதான் அதுக்கு வளைஞ்சு கொடுக்கணும்," என்றான். "புதுசுல படிக்கிறவங்கதான் ராஜா. கேமரா உங்க கண்ணையே பார்த்துக்கிட்டிருக்கும். எந்த எழுத்துல கண்ணு தடுக்குதோ அதை லேசா மாத்திப் பார்க்கும். கண்ணு நல்லா ஓடுச்சுன்னா இன்னும் கொஞ்சம் மாத்தும். கடைசியில உங்க மூளைக்குன்னே ஒரு எழுத்து கிடைச்சிரும்."

"எல்லாருக்கும் ஒரே எழுத்து இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"அந்த ஒரே எழுத்து உள்ளே போகாதவங்களுக்கு, அண்ணி? அவங்களை என்ன பண்றது?"

எதிர்வீட்டு ஷர்மிளாவின் மகளை நானே பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் ஆடுகிறது என்று அழுதுகொண்டிருந்த பெண். புதிய பதிப்பு வந்த பிறகு, விட்டால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எச்சில் கை காய்வது தெரியாமல் படிக்கிறாள். அதைப் பார்த்துப் பிரமித்த அதே ஷர்மிளா ஒருநாள் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். மகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் திரையில் கடுகைக் கொட்டினாற்போல் இருக்கிறதாம். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் சொல்கிறாள், சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். வகுப்பில் ஆசிரியர் மூன்றாவது வரி என்றால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தைப் பார்க்கிறது. நீதிமன்றத்தில் நான்காம் பக்கம் என்று ஒருவர் சொன்னால் எதிர்த்தரப்புக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை. உலகத்தில் எல்லாரும் நன்றாகப் படித்தார்கள். ஆனால் ஒருவர் படித்ததை இன்னொருவர் பார்க்க முடியாமல் போனது.

கோகுல் தன் மடிக்கணினியை அண்ணன் முன்னால் வைத்து, அந்தக் கடல் கலைக்களஞ்சியத்தையே திறந்தான். பூபாலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் முப்பது வருடமாக எழுத்துகளோடு குடித்தனம் நடத்துகிறவள். அன்று பார்த்ததைப்போல் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. திரையில் இருந்த எழுத்துகள் மெல்ல அசையத் தொடங்கின. ழகரத்தின் வால் நீண்டு அடுத்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. புள்ளிகள் கீழே இறங்கின. கொம்புகள் தாழ்ந்தன. சில எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வேறு ஏதோவாகி வெளியே வந்தன. தமிழ் பிறந்த காலத்திலிருந்து எந்தக் கையும் எழுதாத வடிவங்கள். ஒன்றுகூட அசிங்கமாக இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் பூபாலனுக்கு எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் முழுவதும் எழுத்துகள் தவித்தன. அவர் பார்த்தது பார்த்தபடி இருந்தார். கோகுலின் முகம் சுருங்கிப்போனது. அண்ணனின் கண் எந்த வடிவத்திலும் ஓடவே இல்லை, அதனால் எந்தப் பக்கம் போவதென்று மென்பொருளுக்குத் தெரியவில்லை என்றான். மூடிவிடலாம் என்று கை நீட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில், என் வழக்கமான இடத்தில், உட்கார்ந்தேன். என் கண் தானாக வரிக்குப் போனது. திரையில் எழுத்துகள் ஒரு கணம் நின்றன. பிறகு கலைந்திருந்தவை என் கண்ணுக்காகப் பழைய வடிவத்தை நோக்கிக் கொஞ்சம் வந்தன. நான் படித்தேன். உடனே அவருக்காகக் கொஞ்சம் விலகின. விடாமல் நான் பின்னால் போனேன். திருவிழாக் கூட்டத்தில் வீட்டு மனுஷரின் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்போமே, அப்படி. எழுத்து மாற மாற அர்த்தத்தை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத்துகளுக்கு ஒரு திசை கிடைத்துவிட்டது போலிருந்தது.

"திமிங்கலம்," என்றார் பூபாலன்.

அவர் விரலை வரியின் மேல் வைத்தார். "திமிங்கலம் மீன் அல்ல," என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உலகத்துக்கே புதுச் செய்தி கொண்டுவந்தவர் மாதிரி, மீன் இல்லையாம் வினோ என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெம்பில்லை.

கோகுல் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். இந்த மென்பொருள் ஒற்றை ஆளுக்காகச் செய்யப்பட்டது, உலகத்தில் யாரும் இரண்டு பேராக உட்கார்ந்து ஒரே பக்கத்தை ஒரே வேகத்தில் படித்துக் காட்டியதில்லை என்றான். அண்ணனின் கண்ணுக்குத் தெரியாத வழியை அது என் கண்ணிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது. அன்றைய பதிவுகளைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், அதுவரை வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நான் வேலைக்கு உட்கார்ந்தபோது, திரையில் இருந்த பழைய பக்கம் எனக்குப் புரியவில்லை. ஒரு சில விநாடிகள்தான். எழுத்துகள் வரிசையாக நின்றுகொண்டு, எங்களைத் தெரியுமா என்று கேட்பதுபோல் இருந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் சரியாகிவிட்டது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாட்களில் கோகுல் போன் செய்தான். அண்ணன் பக்கத்தில் இல்லையே என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"அண்ணி, பக்கம் மட்டும் மாறறது இல்ல. படிக்கிறவங்க மூளையும் கொஞ்சம் மாறும். ரெண்டும் நடுவுல எங்கயாவது சந்திக்கும். ஒருத்தர் படிச்சா அதுல பிரச்சினை இல்ல. ரெண்டு பேர் படிச்சா, யாரு சுலபமா வளைஞ்சு கொடுக்கறாங்களோ அவங்களைத்தான் அது நகர்த்தும்."

"அன்னிக்கு யாரு நகர்ந்தா?"

"நீங்கதான். அண்ணன் இருந்த இடத்துலயே இருந்தாரு. நீங்க அவர்கிட்ட போனீங்க."

தினமும் இப்படி உட்கார்ந்தால் சில மாதங்களில் என் படிப்பு முழுவதும் அவர் பக்கம் போய்விடும் என்றான். அந்தத் திரையில் வரும் எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும். அச்சடித்த புத்தகம், பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு எல்லாம் அடைந்துவிடும். அவருக்கு இப்போது இருப்பது போலவேதான் எனக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை புதிய பதிப்பு ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் பழைய பக்கங்கள் எல்லாம் உருமாறிவிடும், அதுவும் திரும்பாது. சொல்லி முடித்துவிட்டு, நான் இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் அண்ணி என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது.

ஆக, கணக்கு இவ்வளவுதான். அவர் படிக்க வேண்டுமென்றால் என் படிப்பைக் கொடுக்க வேண்டும். வீட்டில் படிக்கிற ஆள் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதையும் தொலைப்பதா? எழுத்து போனால் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? சமையல் சுமார். கோலம் கோணல். பாட்டு என்றால் பூபாலனே வெளியே போய்விடுவார். நான் எழுத்தை வைத்துத்தான் நானாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காலையில் கம்ப்யூட்டர் கேட்கும். நான் 'பிறகு' என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்குப் பொத்தானில் எழுதியிருப்பது தெரியாது, ஆனால் நான் எந்த ஓரத்தில் அழுத்துகிறேன் என்று தெரியும். கோகுல் எப்போது போடச் சொன்னான் என்று கேட்பார். நெட் மெதுவாக இருக்கிறது, கரண்ட் நின்று நின்று வருகிறது, இந்த வேலை முடியட்டும் என்று தினம் ஒரு சாக்கு சொல்வேன். அவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கடைத்தெருவுக்குப் போனவள், பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். முன்னறையில் பூபாலன் ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழே கண்ணை நிதானமாக இறக்கினார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். யாராவது விருந்தாளி வந்தால் இப்படிப் பாவனை செய்வார் என்று எனக்குத் தெரியும். இப்போது வீட்டில் யாரும் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு பக்கத்தையும் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் திடுக்கிடவில்லை. எப்போதாவது திடீரென்று திறந்துகொள்ளும், அப்போது நான் பார்க்காமல் இருந்துவிடக் கூடாதே என்றார்.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, கோகுல் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என் பயத்தையும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான் படிக்காம இருந்துக்குவேன்," என்றார். "நீ படிக்காம இருந்தா, இந்த ஊர்ல யாருக்குத்தான் கோவம் வரும்?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. உன்னோடதை எடுத்து எனக்குக் கொடுக்க வேணாம். அது எனக்கு உள்ளே இறங்காது."

நானும் விடவில்லை. அவர் சத்தமாக வாசிப்பதைவிட, புத்தகத்தில் மூழ்கி, கூப்பிட்டால் கேட்காமல் இருப்பாரே, அதைத்தான் நான் இழந்துவிட்டேன் என்றேன். முன்பெல்லாம் மூன்று தடவை கூப்பிட்டால்தான் நிமிர்வார். இப்போது முதல் தடவையே திரும்பிப் பார்க்கிறார், அது என்னால் தாங்க முடியவில்லை என்றேன். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"ஒண்ணு செய்வோம். நீ உன் இடத்துலயே கெட்டியா நில்லு. ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்காதே. நான் அங்க வர்றேன்."

"வர முடியாதுன்னு கோகுல் சொல்றான்."

"அவன் நேத்துப் பொறந்தவன். நீ நிக்கிறதா இருந்தா போடு. இல்லைன்னா வேணாம்."

நிற்கிறேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாள் காலை கம்ப்யூட்டர் கேட்டது. நான் முதல்முறையாக 'இப்போது' என்றேன்.

அது எங்கள் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உருமாற்றியதை இருவரும் பார்த்தோம். நாங்கள் திருத்திய புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஓரங்கள் கரைந்தன, வரிகள் அவிழ்ந்தன, பக்க எண்கள் மறைந்தன. கரை உடைந்த ஏரிபோல் எழுத்துகள் திரை முழுவதும் பரவி, யாராவது பார்க்க வேண்டும் என்று காத்து நின்றன. பெரிய ஒன்றின் முன்னால் நிற்கும்போது வருமே ஒரு நடுக்கம், அது எனக்கு வந்தது. பூபாலன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் உட்கார்ந்தோம். சத்தியம் செய்ததை நான் முதல் நாளே மீறிவிட்டேன். எழுத்து அவர் பக்கம் நகரும்போது பிடித்து நிறுத்தவில்லை, கூடவே போனேன். விட்டுக்கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கை முழுவதும் எதற்கும் விட்டுக்கொடுக்காதவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

போகப்போக நான் கண்டதை எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. மழை என்ற சொல் ஒருநாள் எனக்குப் புது வடிவத்தில் வந்தது. அதில் இடமிருந்து வலம் என்பதே இல்லை. நடுவிலிருந்து மெதுவாக விரிந்தது. படித்து முடிக்கக் கொஞ்சம் நேரமானது, ஆனால் படித்த பிறகு உள்ளங்கையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. இப்படித்தானா இவர் உலகத்தை வாங்கிக்கொள்கிறார்? இவ்வளவு நிதானமாகவா? முப்பது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், அவர் கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. இப்போது அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்ததை நினைத்தால் போனது சின்னதாகத் தெரிந்தது.

போய்க்கொண்டும்தான் இருந்தது. முதலில் மாத்திரை அட்டையில் இருந்த சின்ன எழுத்து போனது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். பிறகு பேருந்துகளை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். பதிப்பகங்களுக்கு, கொஞ்ச நாள் ஓய்வு என்று போனில் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு ஷர்மிளா ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டியபோது, பிழை இருக்கிறதா என்று என்னைக் கேட்காதே, இனிமேல் உலகத்தை மன்னித்துவிட்டேன் என்றேன். அவள் பிரமித்துப்போனாள்.

பூபாலன் திரையின் முன்னால் முன்னேறிக்கொண்டே இருந்தார். ஆனால் சில நாட்கள் வாசிக்கையில் அவருக்கு நெற்றி வியர்க்கும். பல்லைக் கடித்துக்கொள்வார். எழுத்துதான் அவர் பக்கம் வந்துவிட்டதே, இன்னும் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கிடந்த நாளிதழை எடுத்தேன். விரித்தேன். முதல் பக்கம் முழுவதும் கறுப்பு மை இருந்தது. பெரிய மை, சின்ன மை, பெட்டிக்குள் மை. அவ்வளவுதான். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாள் வரும் என்று தெரிந்தேதான் வந்தேன். அவருக்குத் தெரியக் கூடாது என்று, நாளிதழை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலிருந்து கீழே கண்ணை இறக்கினேன். ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

பூபாலன் காபியுடன் வந்து எதிரில் நின்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த நாளிதழை மெல்ல உருவிக்கொண்டார்.

"மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு," என்று வாசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே இருந்ததையும் வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக, பிறகு வரி வரியாக. அது திரை இல்லை. அச்சடித்த காகிதம். அவர் வாசித்துக்கொண்டே போனார்.

இவரால் நகர முடியாது என்று கோகுலின் கணக்கு சொன்னது. நான் அவரிடம் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும், அடைந்துபோன வழியை நெற்றி வியர்க்க உடைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார். வழியில் எந்த நாளிலோ நாங்கள் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். இருவருக்கும் அது தெரியவில்லை.

"நிக்கிறேன்னு சத்தியம் பண்ணினியே," என்றார் அவர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"சத்தமே இல்ல," என்றேன்.

"ஆமா. அப்படித்தான் இருக்கும்," என்றார். பிறகு நாளிதழை இருவருக்கும் நடுவில் விரித்து, இரண்டாம் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்.